மேலே ஏற்றிய உறையைக் கீழே இறக்குவது யார்?



பாலக்காடு மாவட்டத்துச் சிற்றூர்த் தாலூக்காவில் தமிழ்த்துறை ஏற்பாடு செய்த இந்தச் சொற்பொழிவில் பிளாஸ்டிக் கவரைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று, அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர் கேட்டார். இருக்கிறது. தமிழ்நாடு, கேரள எல்லையோரத்தில் குப்பை லாரி பிடிபட்டால், அது எந்த ஊர்ச் சரக்கு என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? கிளறிப் பார்த்து, உறையில் அச்சடித்த எழுத்தையும் ரசீதில் உள்ள முகவரியையும் வாசித்துத்தான். 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்தில் நடுக்கல்லூர், கோடகநல்லூர்ப் பக்கம் மருத்துவக் கழிவைக் கொட்டிவிட்டுப் போனார்கள். அது திருவனந்தபுரத்திலிருந்து வந்தது என்பதை அந்தக் குவியலில் கிடந்த காகிதங்களே சொல்லிவிட்டன. பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. கேரள அரசு லாரிகளை அனுப்பித் திரும்ப அள்ளிக்கொண்டு போனது. கொட்டிய குப்பையை ஓர் அரசு எல்லை தாண்டி வந்து எடுத்துப் போனது நம் பக்கத்தில் அடிக்கடி நடக்கிற காரியமல்ல. ஆகவே எழுத்து படிக்கத் தெரிந்தவர்களுக்கும் குப்பைக்கும் சம்பந்தம் உண்டு.

நிறுவனங்கள் பல ஆண்டுகளாக ஒரு வாக்கைச் சொல்லி வருகின்றன: எங்கள் உறைகள் எல்லாம் மறுசுழற்சிக்கு ஏற்றவையாக மாறும். நல்ல வாக்கு. ஆனால் ஓர் உறை மறுசுழற்சிக்கு ஏற்றதா என்பதை ஆய்வகத்தில் மட்டும் முடிவுசெய்துவிட முடியுமா? அது திரும்பிவர ஒரு வழி வேண்டும். கொண்டுவருகிறவர் கையில் நாலு காசு விழ வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் உலகின் மிகச் சிறந்த உறையும் ஓடையில்தான் கிடக்கும். சமவெளியில் இது சட்டென்று கண்ணில் படாது. மலையில் படும். அதனால்தான் இந்தப் பேச்சுக்குப் பாலக்காட்டையும் இடுக்கியையும் எடுத்துக்கொண்டேன்.

மலையிலிருந்து தொடங்குகிறேன். 1897இல் கண்ணன் தேவன் மலைக் கம்பெனி வந்த பிறகு, மூணாறுத் தேயிலை கீழே போன வழி கிழக்கு வழி. அதாவது தமிழ்நாட்டு வழி. 1902இல் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளத்தில் மாடு இழுக்கும் வண்டி ஓடியது. 1908இல் அதை இரண்டடி அகலப் பாதையாக மாற்றி எஞ்சின் விட்டார்கள். டாப் ஸ்டேஷனிலிருந்து குரங்கணிப் பக்கத்தில் கொட்டகுடி வரை கம்பியில் தொங்கிக்கொண்டு பெட்டிகள் இறங்கின. அந்த இடத்துக்குப் பாட்டம் ஸ்டேஷன் என்று பெயர். அங்கிருந்து மாட்டுவண்டியில் போடிநாயக்கனூர், பிறகு தூத்துக்குடி, பிறகு கப்பல். 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. மலையாளிகள் கொல்லவருடக் கணக்கில் தொண்ணூற்றொன்பதின் வெள்ளம் என்று இன்றும் சொல்வது அதைத்தான்.

கம்பியில் தொங்கிய அந்த டீ பெட்டியைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஒட்டுப்பலகை, விளிம்புகளில் தகரப் பட்டை, உள்ளே ஈயத்தாள், பிற்காலத்தில் அலுமினியத்தாள், அதற்குள் மெல்லிய காகிதம். காய்ந்த தேயிலை எந்த ஈரத்தையும் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். அதனால் மரம் வெளியே நின்று அடியைத் தாங்கியது, உலோகம் உள்ளே நின்று ஈரத்தைத் தடுத்தது. பல அடுக்கு உறை என்று இன்று நாம் திட்டுவதற்கு மூத்த அண்ணன் இந்தப் பெட்டிதான். ஆனால் அதன் அடுக்குகளை ஓர் உளியும் சுத்தியலும் இருந்தால் யாரும் பிரித்துவிடலாம். தோட்டத் தொழிலாளரின் லயத்து வீடுகளில் அது அலமாரியானது, துணிப்பெட்டியானது. இங்கிலாந்தில் வீடு மாற்றுகிறவர்கள் பாத்திரம் பண்டம் அடுக்க அதைத்தான் தேடினார்கள். லிவர்பூலில் ஜான் லெனன் பள்ளிப் பருவத்தில் தொடங்கிய குவாரிமென் குழுவில் டீ பெட்டியில் ஒரு கம்பை நட்டு, ஒரு கயிற்றைக் கட்டி, அதையே கனத்த சுருதி வாத்தியமாக வாசித்தார்கள். பீட்டில்ஸ் இசையின் முன்கதையில் எங்கள் மலைப் பெட்டி இருந்ததா, அசாம் பெட்டி இருந்ததா என்று யாரும் கேட்டு வைக்கவில்லை. கேட்டிருந்தால் நமக்குச் சுற்றுலாப் பலகை ஒன்று கூடுதலாகக் கிடைத்திருக்கும்.

பழைய பெட்டிக்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த ஒட்டுப்பலகைக்காகக் காடுகளை வெட்டினார்கள். பின்னால் வந்த காகிதச் சாக்கு அந்த வகையில் மேலானது. மந்தார இலை, பனையோலைப் பெட்டி என்று உருகுகிற கட்டுரைகளிலும் எனக்கு நம்பிக்கை குறைவு. இத்தனை கோடிப் பேருக்கு எண்ணெயும் பாலும் மருந்தும் கெடாமல் போய்ச் சேருவது நல்ல உறையால்தான். மாறியது வேறொன்று. அந்தக் காலத்தில் பெரிய உறைகள் மலையிலிருந்து கீழே இறங்கின. இப்போது சிறிய உறைகள் கீழேயிருந்து மேலே ஏறுகின்றன. பிஸ்கட், சிப்ஸ், ஷாம்பு, பான்மசாலா, தண்ணீர் பாட்டில். ஏற்றிவிட ஆயிரம் கை இருக்கிறது. காலியானதை இறக்கக் கையில்லை. காலியான உறைக்கு எடை இல்லை, ஆனால் இடம் அடைக்கும். ஒரு ஜீப் நிறைய ஏற்றினாலும் டீசல் காசுக்குத் தேறாது. மலையில் மறுசுழற்சி தோற்பது இந்தக் கணக்கில்தான்.

சிறிய உறையின் கதை நம்மவர் கதை. ஷாம்புவைப் பாக்கெட்டில் அடைத்து ஏழைக்கும் எட்டும் விலைக்குக் கொண்டுவந்தவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். வெல்வெட் ஷாம்பு அப்படித்தான் வந்தது. அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் தனியாகத் தொழில் தொடங்கி, சிக் ஷாம்புவை ஊர் ஊராகக் கொண்டுபோனார். அந்த நாட்களில் அவர் ஒரு சலுகை அறிவித்தார்: எந்தக் கம்பெனியின் வெற்றுப் பாக்கெட்டாக இருந்தாலும் ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம். பிறகு சிக் பாக்கெட் மட்டும்தான் என்று மாற்றினார்கள். விற்பனை பலமடங்கு கூடியது. வணிக மேலாண்மை வகுப்புகளில் சந்தை பிடித்த தந்திரமாக இதைச் சொல்லித் தருகிறார்கள். நான் இதை வேறு விதமாகப் பார்க்கிறேன். வெற்றுப் பாக்கெட்டுக்கு மதிப்பு வைத்தால் மக்கள் அதைப் பொறுக்கி எடுத்துக் கழுவிக் கடைக்குக் கொண்டுவருவார்கள் என்பதை ஒரு தமிழ்நாட்டு நிறுவனம் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, குப்பையைப் பற்றி நினைக்காமலே, நிரூபித்துவிட்டது. பெட்டிக்கடை வரை சரக்கு போகிற அதே வழியில் காலி உறை திரும்ப வந்தது. சந்தை பிடிபட்டதும் சலுகை நின்றது, வழியும் மூடிக்கொண்டது.

இன்று? 2025 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் சபரிமலைக்குப் போகிற வழியில் பம்பையிலும் எருமேலியிலும் ஷாம்பு பாக்கெட் விற்கவே கூடாது என்று தடை போட்டது. குமுளி வழியாக இடுக்கியைக் கடந்து போகிற தமிழ்நாட்டுச் சாமிமார் ஆற்றில் குளித்துவிட்டுப் போட்டுப்போகிற பாக்கெட்டுக்கும் அந்தத் தடையில் பங்கு உண்டு. தடை வேண்டியதுதான். ஆனால் தடை என்பது வேறெதுவும் செய்யாமல் விட்டதற்குக் கொடுக்கிற விலை.

உறை செய்கிறவர்கள் சும்மா இருக்கிறார்கள் என்று சொல்வது அநியாயம். அவர்கள் பக்கத்துச் சங்கடத்தை விளங்கிக்கொள்ள ஏலக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவின் சிற்றேலத்தில் பெரும்பங்கு இடுக்கியில் விளைகிறது. புற்றடியிலும் எல்லைக்கு அந்தப் பக்கம் போடிநாயக்கனூரிலும் ஏலம் போகிறது. பச்சை நிறம்தான் அதன் விலை. ஈரம் பத்து சதவீத அளவுக்கு இறங்கும்வரை உலர்த்திய காயை, கறுப்புப் பாலிதீன் உள்ளுறை போட்ட சணல் சாக்கில் கட்டுகிறார்கள். வெளிச்சம் பட்டால் பச்சை வெளுக்கும், ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். வியாபாரியின் கிடங்கில் இந்த ஏற்பாடு போதும். சாக்கைத் திரும்பப் பயன்படுத்தலாம், பாலிதீன் ஒரே வகைப் பிளாஸ்டிக், அதை உருக்கலாம். அதே காய் கடைக்கு வந்து ஐம்பது கிராம் பாக்கெட்டாகும்போது சிக்கல் ஆரம்பிக்கிறது. அச்சு அழகாக விழ வெளியே பாலியெஸ்டர், மணம் போகாமல் தடுக்க நடுவே அலுமினியம், ஓரத்தைச் சூட்டில் ஒட்ட உள்ளே பாலிதீன். மூன்றும் மிக மெல்லிசு. மூன்றும் பசையால் ஒட்டியவை. ஒவ்வொன்றும் வெவ்வேறு சூட்டில் உருகும். சேர்த்து உருக்கினால் எதற்கும் உதவாத கட்டி கிடைக்கும். டீ பெட்டியைப் பிரித்த உளி இங்கே வேலை செய்யாது.

இதற்குத் தொழில்துறை கண்டிருக்கும் முக்கியமான பதில், எல்லா அடுக்கையும் ஒரே குடும்பத்துப் பிளாஸ்டிக்காக ஆக்குவது. பாலிதீனை ஒரு திசையில் இழுத்து விறைப்பாக்கி வெளிப்புறம் வைக்கிறார்கள். அதே பாலிதீனை மென்மையாக உள்ளே வைக்கிறார்கள். காற்றைத் தடுக்க நடுவே வேறொரு பொருளை மிகக் குறைந்த அளவில் மட்டும் சேர்க்கிறார்கள். முழுதும் ஒரே உலையில் உருகும். செலவு கூடும், பொதி கட்டும் இயந்திரத்தின் வேகம் குறையும், அலுமினியம் தருகிற காவலில் கொஞ்சம் குறையும். ஏலக்காய்க்கும் தேயிலைக்கும் அந்தக் கொஞ்சம் பெரிய விஷயம். இருந்தாலும் இது உருப்படியான வேலை. பாட்டிலிலும் இப்படி நடந்திருக்கிறது. பெட் பாட்டிலின் மேல் பி.வி.சி. லேபிள் சுற்றினால் இரண்டும் தண்ணீரில் ஒன்றாக மூழ்கும், பிரிக்க முடியாது. பெட் உருகும் சூட்டில் பி.வி.சி. கருகி மொத்தத்தையும் கெடுக்கும். அதனால் லேபிளை மாற்றுகிறார்கள். வண்ணப் பாட்டிலுக்குப் பழைய பொருள் சந்தையில் விலை குறைவு என்பதால் 2022இல் ஸ்ப்ரைட் வட அமெரிக்காவில் தன் பச்சை பாட்டிலைக் கைவிட்டது. நம் நாட்டிலும் உணவுப் பொருளுக்கு மறுசுழற்சி பெட்டைப் பயன்படுத்த 2022இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வழி திறந்தது. அடுத்த ஆண்டே கின்லே தண்ணீர் முழுக்க மறுசுழற்சிப் பாட்டிலில் வந்தது.

எல்லாம் சரி, ஆனால் பால் கவரைப் பாருங்கள். மில்மாவும் ஆவினும் பாலிதீனால் மட்டுமே ஆன உறையில்தான் பால் தருகின்றன. புதிய கண்டுபிடிப்பு எதுவும் அதில் இல்லை. கேரளத்து வீடுகளில் அதைக் கழுவி, கொடியில் காயப்போட்டு, வீடு வீடாக வந்து கழிவு வாங்கும் ஹரித கர்ம சேனைப் பெண்களிடம் கட்டாகக் கொடுக்கிறார்கள். அப்படிக் கொடுக்க ஒரு நாள் குறித்திருக்கிறது, ஓர் ஆள் வாசலுக்கு வருகிறார், அதனால் நடக்கிறது.

அந்தப் பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2016 டிசம்பரில் ஹரித கேரளம் இயக்கம் தொடங்கிய பிறகு ஊராட்சிதோறும் அமைந்த இந்தச் சேனையில் இப்போது முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். மாதம் வீட்டுக்கு 50 ரூபாய் வாங்குகிறார்கள். அதைக் கொடுக்கவும் முணுமுணுக்கிற வீடுகள் உண்டு. உண்மையில் இந்த 50 ரூபாயை வீட்டுக்காரர் ஏன் கொடுக்க வேண்டும்? உறையை விற்றவர் அல்லவா கொடுக்க வேண்டும்? 2022 பிப்ரவரியில் மத்திய அரசு வெளியிட்ட விரிவாக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு விதிகள் இதைத்தான் சொல்கின்றன. கட்டியான பிளாஸ்டிக், மென்படலம், பல அடுக்கு, மட்கும் பிளாஸ்டிக் என்று நான்கு வகை பிரித்து, எவ்வளவு விற்றாயோ அவ்வளவுக்குக் கணக்குக் காட்டு என்கிறார்கள். கட்டியான உறையில் 2025-26 முதல் 30 சதவீதம், 2028-29இல் 60 சதவீதம் மறுசுழற்சிப் பொருள் இருக்க வேண்டும். பல அடுக்கு உறைக்கோ 5 சதவீதத்தில் தொடங்கிப் பத்தில் நிற்கிறது. எங்கே சிக்கல் அதிகமோ அங்கே விதி தளர்வு.

கணக்கு காட்டுவது சான்றிதழ் மூலம். மறுசுழற்சி செய்கிறவர் சான்றிதழ் உண்டாக்குவார். பொருள் விற்கிறவர் அதை வாங்கிக்கொள்வார். 2023இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சோதித்தபோது, சில நிறுவனங்கள் மட்டும் ஆறு லட்சத்துக்கும் அதிகமான போலிச் சான்றிதழ்களை உண்டாக்கியிருந்தது தெரியவந்தது. உருக்காத பிளாஸ்டிக்கை உருக்கியதாகக் காகிதம். இன்னொரு குறையும் உண்டு. சான்றிதழ் எந்த ஊர்ப் பிளாஸ்டிக் என்று கேட்பதில்லை. மூணாறில் விற்ற சிப்ஸ் உறைக்குப் பதிலாக குஜராத்தில் உருக்கிய பிளாஸ்டிக்கைக் காட்டினாலும் கணக்கு நேராகிவிடும். மூணாறு உறை மூணாறிலேயே கிடக்கும்.

கிடக்கும் என்பதற்குச் சாட்சி படையப்பா. மூணாறில் எல்லோருக்கும் தெரிந்த அந்தக் காட்டுயானை, கல்லாறில் ஊராட்சியின் கழிவு நிலையத்துக்கு வந்து குப்பையைத் தின்னும் காட்சிகளைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். உப்பும் எண்ணெயும் ஒட்டிய உறை அதற்குத் தீனி. இந்த மூணாறில்தான் நெஸ்லே இந்தியா நிறுவனம் தன் ஹில்தாரி திட்டத்தைக் கொண்டுவந்தது. முசூரியில் தொடங்கிய அந்தத் திட்டம் மலையூர்களில் குப்பையைப் பிரித்து வாங்கவும் பணியாளர்களுக்குப் பயிற்சி தரவும் பணம் செலவழிக்கிறது. பழைய பொருள்களால் ஆன ஒரு பூங்காவும் மூணாறில் வந்தது. நூடுல்ஸ் விற்கிற நிறுவனம் மலையேறி வந்து உறையைப் பற்றிக் கவலைப்படுவது வரவேற்க வேண்டியதே. ஆனால் அது கொடை, பொறுப்பு வேறு. கொடை நிறுவனத்தின் விருப்பப்படி வரும், விருப்பப்படி போகும். உலக அளவில் அப்படிப் போனதற்கும் எடுத்துக்காட்டு இருக்கிறது. யூனிலீவர் இந்தோனேசியாவில் ஷாம்பு பாக்கெட்டைக் கரைத்துப் பிளாஸ்டிக் பிரிக்கும் ஆலையைப் பெரிய விளம்பரத்தோடு தொடங்கிக் கைவிட்டது. புதுப் பிளாஸ்டிக்கை 2025க்குள் பாதியாக்குவோம் என்ற இலக்கை 2024இல் தளர்த்தியது. அதே ஆண்டு டிசம்பரில் கோகோ கோலா, 2030க்குள் கால் பங்கு பானத்தைத் திரும்பப் பயன்படும் பாட்டிலில் தருவோம் என்று தானே சொன்னதை எடுத்துவிட்டது.

கோகோ கோலா என்ற பெயரை இந்தப் பாலக்காடு மாவட்டத்தில் சொல்லிவிட்டு பிளாச்சிமடையைத் தாண்டிப் போக முடியாது. பெருமாட்டி ஊராட்சியில் 2000இல் ஆலை வந்தது. 2002 ஏப்ரல் 22இல் மயிலம்மா போன்ற பழங்குடிப் பெண்கள் ஆலை வாசலில் உட்கார்ந்தார்கள். 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது. கிணறு வற்றியதும் தண்ணீர் கெட்டதும் எல்லோரும் அறிந்த கதை. உரம் என்று சொல்லி உழவர்களுக்குக் கொடுத்த ஆலைக் கசடில் ஈயமும் காட்மியமும் இருந்ததை 2003இல் பிபிசி வெளிக்கொண்டுவந்தது. அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010இல் இழப்பு 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. 2011இல் சட்டமன்றம் இழப்பீட்டுத் தீர்ப்பாய மசோதாவை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைக்கவில்லை. இதில் உறைக்கு என்ன சம்பந்தம் என்றால், திரும்பி வரும் கண்ணாடிப் பாட்டிலைக் காரம் கலந்த வெந்நீரில் கழுவி, அலசி, மீண்டும் அலச வேண்டும். குளிர்பான ஆலையில் பாட்டிலுக்குள் போகாத தண்ணீரும் ஏராளம். கண்ணாடி என்றால் நல்லது, பிளாஸ்டிக் என்றால் கெட்டது என்று அட்டவணை போடுகிறவர்கள் மழைநிழல் பகுதியான இந்தச் சிற்றூர்த் தாலூக்காவில் ஒரு கோடை தங்கிப் பார்க்க வேண்டும். கழுவும் தண்ணீர் எந்த ஆற்றிலிருந்து, கழுவிய தண்ணீர் எந்த வயலுக்கு என்று கேட்காத எந்த உறைச் சீர்திருத்தமும் எனக்கு அரைகுறைதான்.

இப்போது சாராய பாட்டிலுக்கு வருகிறேன். மாணவர்கள் சிரிக்கலாம், ஆனால் உறை திரும்பிவருவதற்கு நம் பக்கத்தில் கிடைக்கும் மிகத் தெளிவான பரிசோதனை இதில்தான் நடக்கிறது. வாளையாற்றுக்கு அந்தப் பக்கம் டாஸ்மாக்கில் பெரும்பாலும் கண்ணாடி. இந்தப் பக்கம் கேரள அரசின் மதுக்கடையான பெவ்கோவில் பெரும்பாலும் பிளாஸ்டிக். ஆண்டுக்கு விற்கிற சுமார் 70 கோடி பாட்டிலில் 56 கோடி பிளாஸ்டிக் என்று 2025இல் கேரள அமைச்சர் எம்.பி. ராஜேஷ் சொன்னார். நீலகிரியில் உடைந்த பாட்டில் யானையின் காலைக் கிழிக்கிறது என்ற வழக்கில், சென்னை உயர் நீதிமன்றத்தின் வலியுறுத்தலால் 2022 மே மாதம் ஒரு முறை தொடங்கியது: வாங்கும்போது பத்து ரூபாய் கூடுதல், காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் பத்து ரூபாய் கையில். விற்ற பாட்டிலில் பெரும்பகுதி திரும்பியது. குடித்தவர் போட்டுவிட்டுப் போனாலும் வேறொருவர் பொறுக்கிக் கொண்டுவந்தார். யாருக்கும் சூழலியல் வகுப்பு எடுக்க வேண்டியிருக்கவில்லை. பிறகு கோவை உட்பட மற்ற மாவட்டங்களுக்கும் அது பரவியது. கேரளம் அதைப் பார்த்து, 20 ரூபாயாக வைத்து, 2025 செப்டம்பர் 10 முதல் திருவனந்தபுரத்திலும் கண்ணூரிலும் சில கடைகளில் தொடங்கியது. மாநிலம் முழுக்கக் கொண்டுவருவது திட்டம்.

இரண்டு பக்கமும் கடை ஊழியர்கள் எதிர்த்தார்கள். ஏற்கெனவே வரிசை நீளம். இதில் நாறும் பாட்டிலை வாங்கி எண்ணி அடுக்க யார்? நியாயமான கேள்வி. உறையைத் திருப்பும் வேலை, போதிய கூலி இல்லாத வேலையாக யார் தலையிலாவது விழுவது வழக்கம். மலையில் ஹரித கர்ம சேனைப் பெண்கள், ஊரில் பழைய பொருள் எடுக்கும் ஆக்ரிக்காரர். கேரளம் முழுக்க ஆக்ரி எடுக்கிறவர்களில் எத்தனை பேர் தமிழர்கள் என்பது உங்களுக்கே தெரியும். எந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையிலும் அவர்கள் பெயர் இல்லை. அவர்கள் எடுத்துக் கட்டி எடை போட்டால்தான் பாட்டில் மறுசுழற்சிக்கு ஏற்றது.

அவர்களும் எடுக்காத பல அடுக்கு உறைக்கு இப்போதைக்கு ஒரே வாசல் சிமென்ட் சூளை. கேரளத்தில் பிரித்து ஒதுக்கிய பிளாஸ்டிக் தமிழ்நாட்டுச் சிமென்ட் ஆலைகளுக்கும் எரிபொருளாகப் போகிறது. வேடிக்கையைக் கவனியுங்கள்: கோபாலபுரம், வேலந்தாவளம் சோதனைச்சாவடிகளில் ஒரு லாரி குப்பை என்று மடக்கப்படுகிறது, இன்னொரு லாரி கிட்டத்தட்ட அதே சரக்கோடு, எரிபொருள் என்ற காகிதத்தோடு போகிறது. ஓடையில் கிடப்பதைவிடச் சூளை மேல் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எரித்ததை மறுசுழற்சி என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

2025 ஜூன் 17இல் கேரள உயர் நீதிமன்றம் மலைச் சுற்றுலா இடங்களுக்கு ஓர் உத்தரவு போட்டது. மூணாறு, தேக்கடி, வாகமண், நம் நெல்லியாம்பதி உட்பட. ஐந்து லிட்டருக்குக் குறைந்த தண்ணீர் பாட்டிலும் இரண்டு லிட்டருக்குக் குறைந்த குளிர்பானப் பாட்டிலும் அக்டோபர் 2 முதல் கூடாது. பதிலுக்குக் குடிநீர் நிலையங்கள் வேண்டும். நீலகிரி ஏற்கெனவே போன பாதை. குழாயில் நல்ல தண்ணீர் வருகிற இடத்தில் பாட்டில் தானாகவே குறையும். உறையில்லாமல் எளிதாகக் கொடுக்க முடிகிற பொருள் தண்ணீர், அதில் நீதிமன்றம் சரியான நரம்பைப் பிடித்திருக்கிறது. ஆனால் சிப்ஸ் உறைக்கும் பிஸ்கட் உறைக்கும் குழாய் கிடையாது. அவற்றுக்கு மலையடிவாரத்திலேயே ஒரு தொகை வசூலித்து, திரும்பி இறங்கும்போது கொடுக்கலாம். நுழையும் வழிகள் எண்ணக்கூடியவை. வாகனம் நின்றுதான் ஆக வேண்டும். அதை நடத்தும் செலவு உறை விற்கிற நிறுவனங்களின் பொறுப்புக் கணக்கிலிருந்து வர வேண்டும், எந்த மலையில் விற்றதோ அந்த மலையிலிருந்து இறக்கியதாகக் காட்டினால்தான் சான்றிதழ் செல்லும் என்று விதி வர வேண்டும். என் வேண்டுகோள் இவ்வளவுதான். பெரிய தொழில்நுட்பம் எதுவும் கேட்கவில்லை.

இதிலும் நம் எல்லைக்கு ஒரு தனிச் சங்கடம் காத்திருக்கிறது. நாளை பெவ்கோ முறை சிற்றூர் வரை வந்தால், கொழிஞ்சாம்பாறையில் வாங்கிய பாட்டில் பொள்ளாச்சியில் காலியாகும். பொள்ளாச்சியில் வாங்கியது இங்கே காலியாகும். ஒரு பக்கம் இருபது ரூபாய், மறுபக்கம் பத்து ரூபாய். பாட்டிலில் ஓர் அரசு ஒட்டிய சீட்டை இன்னொரு அரசின் கடை ஏற்காது. இரண்டு பக்கமும் மதிப்பு வைத்த பாட்டில் நடுவில் மதிப்பில்லாமல் கிடக்கும்.

இரண்டு மாநிலம் உட்கார்ந்து எண்ண முடியாதா என்றால், எண்ணுகிறார்களே. இதே எல்லையில், 1970இல் கையெழுத்தான பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி, ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவில் கேரளத்துக்கு வந்து சேர வேண்டும். அதைச் சரிபார்க்க இரு மாநில அதிகாரிகள் கொண்ட கூட்டு ஒழுங்காற்று வாரியம் இருக்கிறது. கணக்கில் சண்டை உண்டு, கடிதப் போர் உண்டு, சில ஆண்டுகளில் பாக்கியும் உண்டு; ஆனாலும் அளவுகோல் நட்டிருக்கிறது, அதைப் படிக்க ஆள் போகிறார். அந்த வாரியத்தின் அடுத்த கூட்டத்தில் பாட்டிலைப் பேசச் சொல்ல முடியாது, அது அவர்கள் வேலையல்ல. பேசுவதற்கு அப்படியொரு மேசை குப்பைக்கும் வேண்டும் என்று சிற்றூர், பொள்ளாச்சி இரு தொகுதி உறுப்பினர்களும் தத்தம் சட்டமன்றத்தில் கேட்கலாம். கேட்க வைப்பது இங்கே உட்கார்ந்திருக்கும் வாக்காளர்களின் வேலை.